ஒன்பது செடியும் ஓர் அக்காவும்

அத்தியாயம் 4

"எல்லாரையும் விசாரிக்கலாம். என் மனைவியை மட்டும் விசாரிக்கக் கூடாது" என்றார் பதிவறை அதிகாரி.

சுருட்டை அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத் துப்பறியும் பிழைப்பில் இந்த நிபந்தனை போடாத கணவனை அவன் பார்த்ததே இல்லை. வழக்கமாக நிபந்தனைக்குப் பின்னால் ஒரு காதலோ, ஒரு கள்ளக் கையெழுத்தோ பதுங்கியிருக்கும். இங்கே இருந்தது தக்காளி.

சுருட்டை என்பது தலையில் முடி இருந்த காலத்தில் வைத்த பெயர். முடி போய்ப் பத்து வருஷமாகிறது, பெயர் போகவில்லை. அவனுடைய முதலாளி அம்மாளை எல்லோரும் பூதக்கண்ணாடி என்பார்கள். காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்த் தீவிபத்தையும் பொய்த் திருட்டையும் சலித்து எடுத்துவிட்டு, மற்றவர்கள் ஓய்வெடுக்கிற வயதில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பெயர்தான் அப்படி. பூதக்கண்ணாடியை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. "அதை எடுத்து நீட்டினா ஜனங்க வாயை மூடிக்கிறாங்க" என்பது அவர் கட்சி.

மூன்று பேரும் வீட்டின் பக்கவாட்டுத் தோட்டத்தில் நின்றிருந்தார்கள். செங்கல் வரம்பு, வரம்புக்குள் ஒன்பது தக்காளிச் செடிகள், செடிக்கு ஒரு கம்பு, கம்புக்கு மூன்று கட்டு. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் தட்டச்சு செய்து பளபளவென்று லேமினேட் பண்ணிய ஓர் அட்டை குத்தியிருந்தது. மூலையில் குப்பைக் குழி. அதன் வரம்புகூடக் கயிறு பிடித்துக் கட்டிய மாதிரி நேராக இருந்தது.

"ஆரம்பிங்க" என்றார் பூதக்கண்ணாடி. "முதல்ல குற்றம். அப்புறம் குற்றவாளி."

"குற்றவாளி நான்தான்."

"வழக்கு முடிஞ்சுது மேடம். டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்" என்றான் சுருட்டை.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆறு வருஷத்தில் முதல் முறையாக லீவு போட்டிருக்கிற மனிதருக்கு அன்று சிரிப்பு வராது. அவர் வேலை பார்ப்பது ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில். முப்பதாயிரம் கோப்புகள். எதைக் கேட்டாலும் இரண்டு நிமிஷத்தில் எடுத்து மேஜைமேல் வைத்துவிடுவார். முப்பது வருஷத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை. அந்தப் பெருமையை அவரே இரண்டு முறை சொன்னார். சுருட்டை ஒரு முறைதான் எழுதிக்கொண்டான்.

தோட்டம் அவர் மனைவியுடையது. அந்த அம்மாள் மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். யாரிடமாவது நல்ல பழம் பார்த்தால் விதை கேட்டு வாங்கிவந்து போடுவார். கொடுத்தவர் பெயரே செடிக்குப் பெயர். ஐஸ்குச்சியில் பேனாவால் எழுதி, செடியடியில் குத்திவிடுவார். மழையில் சேறு தெறித்துக் குச்சியெல்லாம் அழுக்கு. பதிவறை அதிகாரிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால், மனைவி டூட்டிக்குப் போயிருந்த ஒரு காலையில், ஒன்பது குச்சியையும் பிடுங்கி, சோப்புத் தண்ணீர் வாளியில் ஊறவைத்தார். சேறு போனதும் படித்துப் பார்த்து, அழகாகத் தட்டச்சு செய்து வைப்பது திட்டம்.

"குச்சி சுத்தமாச்சு" என்றார் அதிகாரி. அவர் குரல் இறங்கிவிட்டது. "எழுத்தும் சுத்தமாச்சு."

"ஒன்பதையும் ஒரே நேரத்துல பிடுங்கினீங்களா?" என்றார் பூதக்கண்ணாடி.

"ஒரே வேலையா முடிச்சிடலாம்னு..."

"அலமாரி நம்பரைக் குறிச்சுக்காம கோப்பை எடுத்துட்டீங்க."

அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. ஒரு துறையில் முப்பது வருஷம் இருந்தவருக்கு, அந்தத் துறையின் பாஷையிலேயே அடி விழுந்தால் அப்படித்தான் இருக்கும். சுருட்டைக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

பூதக்கண்ணாடி வாசற்பக்கத்திலிருந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தார். "அக்கா. இஸ்திரிக்காரர். எதிர்வீடு. கண்டக்டர். டியூஷன் டீச்சர். தபால்காரர். பல் டாக்டர். மாடி வீடு. வார்டு தோழி." கடைசிச் செடியருகே நின்று திரும்பினார். "பேரெல்லாம் ஞாபகம் இருந்தது. எது எங்கேன்னுதான் மறந்துபோச்சு. அதனால..."

"அதனால நினைவிலிருந்து வச்சேன்."

"நினைவிலிருந்தா, அகர வரிசையிலா?"

அதிகாரி செங்கல் வரம்பைப் பார்த்தார்.

"அடடா, ஒழுக்கமான செடிங்க மேடம்" என்றான் சுருட்டை. "பள்ளிக்கூடத்துல ஹாஜர் எடுக்கறாப்ல நிக்குதுங்க. உங்க வீட்டம்மா இதைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையா சார்?"

"தினமும் தண்ணி ஊத்தறா. ஒரு வார்த்தை கேட்கல. கவனிக்கலன்னு நினைக்கிறேன்." அதில் அவருக்கு இருந்த நிம்மதியைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. "ஆனா இன்னைக்கு மாட்டிக்குவேன்."

விஷயம் இதுதான். 'அக்கா' என்பது மனைவியின் சொந்த அக்கா. போன வருஷம் இறந்துபோனார். அந்த அக்கா தன் வீட்டுக் கொல்லையில் இருபத்தைந்து வருஷமாக ஒரே தக்காளியை விதை எடுத்து விதை எடுத்து வளர்த்துவந்தார். அவர் போனபின் அங்கே எல்லாம் காய்ந்துவிட்டது. ஒரு காகித மடிப்பில் பத்து விதை மட்டும் தங்கையின் கைக்கு வந்தது. முளைத்தது ஒன்று. இந்த ஒன்பதில் எதுவோ ஒன்று. உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. அக்காவின் மகள் இன்று மாலை வருகிறாள். தூரத்து ஊரில் வேலை. இப்போதுதான் மண் உள்ள வீடு கிடைத்திருக்கிறது. அம்மாவின் தக்காளி விதை வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். நாளைக் காலை ரயில்.

"'அக்கா செடியிலேர்ந்து நல்ல பழுத்த பழமா ஒண்ணு பறிச்சு வையுங்க, வந்து விதை எடுக்கலாம்'னு காலையில என்கிட்ட சொல்லிட்டுப் போனா. நாலரைக்கு வருவா" என்றார் அதிகாரி. "தப்பான பழத்தைக் குடுத்தா அந்தப் பொண்ணு வேற எதையோ அம்மாதுன்னு நினைச்சு வளர்க்கும். எனக்கு அது தாங்காது மேடம். அந்த அம்மா என்கிட்ட ரொம்பப் பிரியமா இருந்தவங்க."

பூதக்கண்ணாடி தலையாட்டினார். மணி பத்தே முக்கால்.

சுருட்டை தனக்குத் தெரிந்த ஒரு விதைக்கடைக்காரருக்குப் போன் போட்டான். அவர் ஒரே கேள்வி கேட்டார்: கடை விதையா, வீட்டு விதையா? வீட்டு விதை என்றதும், "அப்ப வளர்த்தவங்களைத்தான் கேக்கணும்" என்று வைத்துவிட்டார்.

"வளர்த்தவங்க இல்ல. சாப்பிட்டவங்க யாராவது இருக்காங்களா?" என்றார் பூதக்கண்ணாடி.

"என் சகலை இருக்காரே. அக்கா புருஷன். இருபத்தஞ்சு வருஷம் சாப்பிட்டவர்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்கலையே" என்றார் அதிகாரி.

சகலையின் தையல் கடைக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிஷம். பூதக்கண்ணாடி பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் வலது பக்கம் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார், இடது பக்கம் போக வேண்டிய இடத்திலும்.

கடை நீளமாக, ஒடுக்கமாக இருந்தது. வாசலில் வெட்டு மேஜை, அதன்மேல் சாக்குக்கட்டி, பெரிய கத்தரி, பாதி வெட்டிய பேண்ட் துணி. சுவர் முழுக்க மரச்சட்டத்தில் நூல்கண்டுகள். மேல் வரிசைக் கண்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, பொடி எழுத்தில் நிறத்தின் பெயர் எழுதியிருந்தது: கருநீலம், இலைப்பச்சை, செங்கல், மாந்தளிர். கீழ் வரிசைப் புதுக் கண்டுகளில் சீட்டு இல்லை. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"நாடாவைப் பார்த்தா டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு. மூச்சை இழுத்துப் பிடிக்கணுமா?" என்றான் சுருட்டை.

"தொப்பைக்காரங்க எல்லாரும் சொல்லாமலே பிடிப்பாங்க" என்றார் தையல்காரர்.

சுருட்டை பதில் சொல்ல மேஜைமேல் சாய்ந்தான். அவனுடைய பச்சைச் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்துப்போய்க் கத்தரியடியில் விழுந்தது. தையல்காரர் அதை எடுத்து, கீழ் வரிசையிலிருந்து ஒரு நூல்கண்டை உருவி, ஊசியில் கோத்து, சட்டையை உடம்பில் வைத்தே தைக்க ஆரம்பித்தார். ஊசி வயிற்றுக்குப் பக்கத்தில் இருந்ததால் விசாரணை முடிகிறவரை சுருட்டை ரொம்ப மரியாதையாக நின்றான்.

"அக்கா வளர்த்த தக்காளி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"பெருசு. என் கை நிறைய ஒண்ணு. மேல் பக்கம் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும்." தையல்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இனிப்பு. கடைசியில கொஞ்சூண்டு புளிப்பு. நறுக்கி உப்புத் தூவிக் குடுப்பா, வேற ஒண்ணும் வேண்டாம்."

"நிறம்?"

"தக்காளி நிறம்தான். நல்ல சிவப்பு."

"நீங்களே பறிப்பீங்களா?"

"ஐயோ, கிட்டப் போக விடமாட்டா. ஒரு தடவை ஆசையாப் பறிச்சிட்டு வந்தேன். காயைப் பறிச்சிட்டேன்னு ஒரு வாரம் பேசல." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எம் பொண்ணு இன்னைக்கு அங்கதான் வரா, இல்ல? விதை நல்லா எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

சுருட்டை அவர் சொன்னதை எழுதி, ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். பெருசு, மடிப்பு, சிவப்பு. இவ்வளவு லட்சணமான சாட்சி தனக்கு இதுவரை கிடைத்ததில்லை என்று ஸ்கூட்டரை உதைக்கும்போது அவனுக்குத் தோன்றியது.

திரும்பி வந்ததும் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஒன்பதில் மூன்று, கோலிக்குண்டுப் பழம். இரண்டு மஞ்சள். இரண்டு முட்டை மாதிரி நீளம். பெருசும் மடிப்பும் சிவப்புமாக நின்றது நாலாவது செடி, 'கண்டக்டர்'. அதிகாரி சகலையின் வாக்குமூலத்தை வாங்கி இரண்டு முறை படித்தார், கையெழுத்தைச் சரிபார்த்தார், நாலாவது செடியின் மிகச் சிவந்த பழத்தைக் கத்தரியால் காம்போடு வெட்டி ஒரு தட்டில் வைத்தார். அட்டைகளைக் கழற்றி, 'அக்கா'வைக் கொண்டுவந்து அங்கே குத்தினார்.

"ஆவணம் இருந்தா எல்லாம் நடக்கும்" என்றார், மூன்று வாரத்துக்குப் பின் முதல் முறை நிமிர்ந்து நின்று. "டீ போடறேன்."

அவர் உள்ளே போனதும் சுருட்டை படியில் உட்கார்ந்து காலை நீட்டினான். "பாருங்க மேடம். மணி ரெண்டரை. ரெண்டு மணி நேரம் மிச்சம். இப்படி ஒரு வழக்கு தினம் வந்தா..."

பூதக்கண்ணாடி அவன் வயிற்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொப்பையைப் பத்தித் தையல்காரர் ஏற்கெனவே பேசிட்டாரு மேடம்."

"அந்தப் பொத்தானை எந்த நூல்ல தைச்சிருக்கார்?"

சுருட்டை குனிந்து பார்த்தான். பச்சைச் சட்டையின் நடுவில், மற்ற பொத்தான்களெல்லாம் பச்சை நூலில் அடக்கமாக இருக்க, ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பு நூலில் பளிச்சென்று நின்றது.

"பழி வாங்கிட்டார்! நாடாவைக் கிண்டல் பண்ணினேனில்ல."

"அவர் முகத்தைப் பார்த்தியா? பொத்தானைத் தைச்சிட்டு, தள்ளி நின்னு, திருப்தியா ஒரு பார்வை பார்த்தார். பழி வாங்கறவன் சிரிப்பை அடக்குவான். அவர் நல்ல வேலை செஞ்சதா நினைச்சார்." பூதக்கண்ணாடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண் முன்னால இருக்கிற நூலுக்கு எதுக்குச் சீட்டு? நீலம் நீலமா இருக்கே, அதுமேல நீலம்னு எழுதி ஒட்டறது யாருக்காக?"

சுருட்டை கால்களை மடக்கிக்கொண்டு எழுந்தான்.

பூதக்கண்ணாடி போனை எடுத்துத் தையல் கடையைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, போனைச் சுருட்டையும் கேட்கிற மாதிரி பிடித்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தக்காளி சிவப்புன்னு பார்த்துச் சொன்னீங்களா, கேட்டுச் சொன்னீங்களா?"

மிஷின் நின்றது.

"தக்காளின்னா சிவப்புன்னு ஊரே சொல்லுது. நான் எதுக்கு மாத்திச் சொல்லணும்?" என்றார் தையல்காரர். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்குச் சிவப்பும் ஒண்ணுதான், பச்சையும் ஒண்ணுதான்மா. கல்யாணமான மூணாம் நாளே கண்டுபிடிச்சிட்டா. யார்கிட்டயும் மூச்சு விடல. மறுநாள் காலையில கடையைத் திறக்கறேன், எல்லா நூல்லயும் சீட்டு ஒட்டியிருக்கு. முப்பது வருஷம் ஒரு வாடிக்கைக்காரருக்கும் தெரியாது. இப்ப புதுசா வாங்கற நூலுக்குச் சீட்டு ஒட்ட ஆளில்ல."

"பழம் பழுத்துதான்னு அவங்க எப்படிப் பார்ப்பாங்க?"

"பார்க்கவே மாட்டா. எங்கேயோ பார்த்து யார்கிட்டயோ பேசிக்கிட்டே, கட்டைவிரலால மெல்லத் தொடுவா. தெரிஞ்சிடும். ஏம்மா, அந்தத் தம்பி சட்டையில நான் ஏதாவது தப்பாத் தைச்சிட்டேனா?"

"இல்லண்ணே" என்றார் பூதக்கண்ணாடி. "ரொம்ப உறுதியா இருக்கு."

போனை வைத்தார். அந்த மனிதர் தனியாக அந்த நூல் சுவரின் முன்னால் உட்கார்ந்திருப்பது சுருட்டையின் மனசில் வந்து போய்க்கொண்டிருந்தது.

"நிறத்தை எடுத்துடு" என்றார் பூதக்கண்ணாடி. "என்ன மிச்சம்?"

"பெருசு. மடிப்பு. இனிப்பு."

"பெருசும் மடிப்புமா இன்னொரு செடி இருக்கு. நாம திரும்பிக்கூடப் பார்க்கல."

இருந்தது. எட்டாவது செடி, 'மாடி வீடு'. பழமே இல்லாததால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காய்கள் மட்டும் பச்சையாக, பெரிதாக, கொசுவம் கொசுவமாகத் தொங்கின. அதிகாரி மூன்று கோப்பை டீயுடன் வந்தார்.

"அதுவா? அது உதவாத செடி. ஒரு காய்கூடச் சிவக்கல. பச்சையாவே கொழகொழன்னு ஆயிடுது. மூணு வாரத்துல ஆறு அழுகிடுச்சு. பறிச்சுக் குப்பைக் குழியில போட்டுட்டேன். நாளைக்குச் செடியையே பிடுங்கிடலாம்னு இருக்கேன்."

பூதக்கண்ணாடி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு செடியருகே மண்டியிட்டு, ஒவ்வொரு காயாகக் கட்டைவிரலால் தொட்டார். கல். கல். கல். கீழே, இலைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டிருந்த கடைசிக் காய் விரலுக்கு மெல்ல இடம் கொடுத்தது. அடிப்பக்கம் மட்டும் லேசாகத் தேன் நிறம்.

"சார், இது அழுகல. இது பழுத்திருக்கு. பழுத்தாலும் பச்சையாவே இருக்கிற ஜாதி."

"அப்படி ஒரு தக்காளியா?" அதிகாரி டீத் தட்டைக் கீழே வைத்தார். "அதெப்படி? ஆவணப்படி சிவப்பு. கையெழுத்து இருக்கு."

"ஆவணத்துக்கு நிறம் தெரி..." என்று ஆரம்பித்த சுருட்டை, முதலாளி அம்மாவின் பார்வையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். "டீ நல்லாருக்கு சார்."

அப்புறம் ஒரு மணி நேரம் வாக்குவாதம். அந்தப் பச்சையையும் காம்பும் இலையுமாகக் கிள்ளி வைத்ததில் தட்டில் இரண்டு பழங்கள், ஒன்று கையெழுத்துப் போட்ட சிவப்பு, ஒன்று விரலை மட்டும் நம்பிய பச்சை. பூதக்கண்ணாடி பச்சை என்றார். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை, சொல்வதாக இருந்தால் ஒரு மனிதரின் முப்பது வருஷ ரகசியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் இல்லாத முடிவை அதிகாரி தன் வாழ்நாளில் ஒரு கோப்பிலும் ஏற்றதில்லை. பச்சையை எடுப்பார், வைப்பார். சிவப்பை எடுப்பார், வைப்பார்.

நாலு பத்துக்கே வாசற்கதவு திறந்தது.

நர்ஸ் அம்மாள் முதலில் வந்தார், வேலைக் களைப்பில் தோள்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே. பின்னால் பெட்டியோடு அக்கா மகள், முப்பது வயசிருக்கும்.

"யாருங்க இவங்க?"

"ஆபீஸ் நண்பர்கள்" என்றார் அதிகாரி.

"உங்களுக்கு ஆபீஸ்ல நண்பர்களே கிடையாதே" என்ற அந்த அம்மாள், பத்தடி தூரத்திலிருந்தே தட்டைப் பார்த்தார். "அட, ரெண்டு பறிச்சிருக்கீங்க. அக்காது சரி. பல் டாக்டர் எதுக்கு?"

"பல் டாக்டரா?" அதிகாரி சிவப்புப் பழத்தைக் குனிந்து பார்த்தார்.

"சகலை சிவப்புன்னு சொன்னாரேன்னு..." என்று அவர் முனக, நர்ஸ் அம்மாளும் அக்கா மகளும் ஒருவரையொருவர் ஒரு நொடி பார்த்துக்கொண்டார்கள். "அத்தான் ஞாபகமறதியில சொல்லியிருப்பார்" என்று அந்த அம்மாள் பேச்சை மாற்றினார். அந்த வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் யார் என்று சுருட்டைக்குப் புரிந்துபோயிற்று.

அக்கா மகள் சித்தியிடம் ரயிலில் இருந்த கூட்டத்தைச் சொல்லிக்கொண்டே, தட்டைப் பார்க்காமலே பச்சைப் பழத்தை எடுத்தாள். கட்டைவிரல் அதன் தோளில் மெல்லப் பதிந்தது. "பழுத்திருக்கு சித்தி" என்றாள். அதற்கப்புறம்தான் கையிலிருப்பதைப் பார்த்தாள். பார்த்ததும் இன்னொரு கையையும் அதன்கீழ் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள்.

பூதக்கண்ணாடிக்கு ஜெயித்த முகம். ஐந்து மணி நேர உழைப்பு, ஒரு பொத்தான், ஒரு போன், முடிவு கச்சிதம். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? "அம்மா, வந்ததும் வராததுமா எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சிவக்காததை வச்சா? மடிப்பை வச்சா?"

"பழத்தை எதுக்குப் பார்க்கணும்? காம்புல இலை ஒட்டிட்டிருக்கே." நர்ஸ் அம்மாள் பச்சைப் பழத்தின் காம்பிலிருந்த இலையைக் கிள்ளி எடுத்தார். "தக்காளி இலைன்னா ஓரமெல்லாம் வெட்டு வெட்டா இருக்கும். இந்தச் செடி மட்டும் உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமா, ஓரத்துல வெட்டே இல்லாம இருக்கு பாருங்க. இந்த வரிசையில அக்காது ஒண்ணுதான் இப்படி. வாசல்லேர்ந்தே தெரியுமே."

பூதக்கண்ணாடி செடிகளைப் பார்த்தார். எட்டு செடிகளின் இலை வெட்டுவெட்டாக, ஒன்றின் இலை வழவழவென்று. கொஞ்ச நேரம் முன்னால் அதற்குள்ளேதான் மண்டியிட்டுத் தேடியிருக்கிறார். அவர் காது மடல் சிவந்ததைச் சுருட்டை பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாகப் பார்த்தான், வாழ்நாள் முழுக்க வைத்துக் கிண்டல் பண்ணலாம் என்று பத்திரப்படுத்திக்கொண்டான்.

"அப்ப உனக்குச் சீட்டே வேண்டாமா?" என்றார் அதிகாரி.

"எனக்கு எதுக்குச் சீட்டு? நட்டது நான். அது உங்களுக்காக எழுதினது. ஒழுங்கு பண்றேன்னு என்னைக்காவது கிளம்பி அக்காவைப் பிடுங்கிப் போட்டுடக் கூடாதேன்னு."

"மூணு வாரமா..."

"அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். எந்த ஊர்லங்க செடி அகர வரிசையில நிக்குது?" நர்ஸ் அம்மாள் படியில் உட்கார்ந்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக இருந்தது. "வந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சாப்பிடும்போது பார்த்தேன், தண்ணி ஊத்தும்போது பார்த்தேன். இன்னைக்காவது கேட்பீங்கன்னுதான் பழத்தைப் பறிக்கச் சொன்னேன். நீங்க வேலை மெனக்கெட்டு லீவு போட்டு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆகாதா?"

"கேட்டா, தொலைச்சிட்டேன்னு ஒத்துக்கணுமே" என்றார் அதிகாரி. "நான் எதையும் தொலைச்சதில்ல. அதுவும் உங்க அக்காவை..."

சுருட்டை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டீக் கோப்பைக்குள் பார்த்தான்.

"இந்தச் செடியில பழுக்கிற பருவத்துல ஏழு இருந்துச்சே. மீதி ஆறு எங்கே?" என்றார் நர்ஸ் அம்மாள்.

சகலையின் கையெழுத்தோ, துப்பறிகிறவர்களோ, அகர வரிசையோ இப்போது கைகொடுக்காது என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராக மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நான்தான் குப்பைக் குழியில போட்டேன். அழுகிடுச்சுன்னு நினைச்சேன். தெரியாமப் போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு. நீயும் மன்னிச்சிடும்மா" என்று அக்கா மகளிடமும் சொன்னார்.

அந்தப் பெண் பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"வாங்க" என்று நர்ஸ் அம்மாள் எழுந்து குப்பைக் குழிக்கு நடந்தார்.

குழிக்குள், முட்டை ஓட்டுக்கும் காய்கறித் தோலுக்கும் நடுவில், விரல் உயரத்துக்கு நாற்றுகள். பத்து இருபது இல்லை, ஒரு பாத்தி நிறைய. "போன வாரம் பார்த்தேன். அன்னையிலேர்ந்து இதுக்கும் ஒரு குவளை தண்ணி ஊத்தறேன். விதை எதுக்கு, நாற்றாவே கொண்டு போகட்டும்" என்றார். பிறகு கணவனைப் பார்த்தார். "எல்லார் வீட்டுப் பழத்தோலும் இதுலதான் விழுந்திருக்கு. அக்காது மட்டும் எடுக்கணும்."

இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட்டோடு பதிவறை அதிகாரி குழி ஓரத்தில் மண்டியிட்டார். ஒரு நாற்றைத் தொட்டார். அட்டை இல்லை, எண் இல்லை, வரிசை இல்லை. தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"இதுவா?"

"இல்ல. அது இஸ்திரிக்காரர்."

"இது?"

"ஓரம் பாருங்க. வெட்டு இருக்கே. எதிர்வீடு."

"இது?"

"ஆமா. அக்கா. வேரோட மண்ணு வரட்டும், மெதுவா."

அக்கா மகள் ஈரக் காகிதத்தை விரித்துப் பிடித்தாள். ஒவ்வொன்றாக அதில் சேர்ந்தது. இரண்டு நாற்றுக்கப்புறம் சுருட்டைக்கே அடையாளம் பிடிபட்டுவிட்டது. இலையின் ஓரத்தைப் பார்த்தால் போதும், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பூதக்கண்ணாடி கைப்பையை எடுத்துக்கொண்டு, போகலாம் என்று தலையசைத்தார். அறிக்கை எதுவும் எழுத வேண்டாம் என்று அவர் சொல்லாமலே சுருட்டைக்குத் தெரிந்தது.

வாசற்கதவைச் சாத்தும்போது அவன் திரும்பிப் பார்த்தான். அதிகாரியின் விரல் பதினான்காவது நாற்றின்மேல் இருந்தது. வழவழ ஓரம், ஒரு வெட்டு இல்லை, சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. இருந்தாலும் தலையைத் தூக்கி மனைவியிடம், "இதுவா?" என்று கேட்டார்.